எது முதலில் நின்றது? வலிப்பில் இதயமும் மூச்சும்

வலிப்பின் நடுவே இதயம் நின்றுபோன இ.சி.ஜி. தாள் ஒன்று கையில் கிடைத்தால், அதை மரணத்தின் ஒத்திகையாகப் படிக்கத் தோன்றும். வலிப்பு நோயாளிகளின் எதிர்பாராத திடீர் மரணத்தை ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார் அப்படித்தான் படித்தனர். பேஸ்மேக்கர் வைத்தால் உயிர் தப்பும் என்ற நம்பிக்கையும் அதிலிருந்தே வளர்ந்தது. அந்தப் பதிவுகளுக்கு அவ்வளவு பாரம் தாங்கும் வலு இல்லை.

அந்தச் சாராருக்கு வலுவான சான்று, 2004-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வு. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 20 பேரின் மார்புத் தோலுக்கடியில் துடிப்பைப் பதியும் சிறு கருவி பொருத்தப்பட்டது. வலிப்பு வந்ததும் நோயாளியோ உடனிருப்பவரோ பொத்தானை அழுத்தினால், அதற்குச் சற்று முன்பு ஓடிய துடிப்பும் சேர்ந்து பதிவில் நிற்கும். இப்படி 377 வலிப்புகள் சிக்கின. கணக்கில் நின்ற 19 பேரில் 16 பேருக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியது. 40-க்குக் கீழே இறங்கியது 8 முறைதான், அதாவது 2.1 விழுக்காடு. ஆனால் பேஸ்மேக்கர் வைக்க நேர்ந்தவர்கள் 4 பேர், அதாவது 21 விழுக்காடு. ஒன்று வலிப்புகளின் கணக்கு, மற்றது ஆட்களின் கணக்கு. இரண்டும் சரியே. அச்சத்தைப் பெருக்கியது இரண்டாவது எண்.

எண்ணைவிடப் பெரிய சிக்கல் கருவியில் இருக்கிறது. அதற்கு இதயம் மட்டுமே தெரியும். மார்பு ஏறி இறங்கியதா, மூளையலை அடங்கிப்போனதா என்ற விவரம் அதில் இல்லை. மூச்சைப் பதியாத கருவியிடம், மூச்சு முதலில் நின்றதா இதயமா என்று கேட்க முடியாது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தகுதி 2013-இல் ‘லான்செட் நியூராலஜி’யில் வந்த மார்ட்டெமஸ் ஆய்வுக்கு உண்டு. ஐரோப்பா, இஸ்ரேல், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து கண்காணிப்புப் பிரிவுகளில் நேர்ந்த 16 திடீர் மரணங்களை அது திரட்டியது. இதயமும் மூச்சும் தெளிவாகப் பதிவானவை 10. அந்தப் பத்தும் ஒரே வழியில் சென்றன. உடல் முழுதும் உதறிய வலிப்பு ஓய்ந்ததும் மூச்சு வேகமெடுக்கிறது. 3 நிமிடங்களுக்குள் மூச்சும் துடிப்பும் சேர்ந்தே தடுமாறுகின்றன. சிலருக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. சிலருக்கு இரண்டும் மீண்டு, பிறகு மறுபடி சரிகின்றன. இறுதியில் மூச்சு நிற்கிறது. அதன் பின்னரே இதயம். முதல் தடுமாற்றத்தில் இதயத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடைசி வரிசை மாறவில்லை.

பத்து பதிவுகள் போதுமா என்று கேட்கலாம். பத்திலும் விலக்கு ஒன்றுகூட இல்லாதபோது அந்தக் கேள்வியின் கூர் மழுங்கிவிடுகிறது. இதயத்தின் அயனி வாயில்களைப் பாதிக்கும் மரபணுப் பிழைகள் வேறு கதை. அவை உள்ளவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. பொது விதியை அவற்றின்மேல் கட்ட முடியாது.

2016-இல் வெளியான தொகுப்பாய்வும் இதே திசையில்தான் நிற்கிறது. வலிப்பின் நடுவே இதயம் நின்ற 103 பேரில், ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் அது தானாகவே மீண்டும் துடித்தது. அவை பெரும்பாலும் பொட்டு மடலில் தொடங்கிய, உடல் முழுதும் பரவாத வலிப்புகள். வலிப்பு முடிந்த பின் இதயம் நின்றவர்கள் 13 பேரே. அவர்களில் 7 பேர் இறந்தனர். முதல் வகையில் உடலே காவல் செய்கிறது எனத் தோன்றுகிறது: இதயம் நின்றால் மூளைக்கு ரத்தம் குறைகிறது, வலிப்பு அடங்குகிறது, அடங்கியதும் இதயத்தின் மீதிருந்த பிடி தளர்கிறது.

இதனால் பேஸ்மேக்கர் வீண் என்று ஆகாது. இதயம் நிற்கும் சில நொடிகளில் தசை துவண்டு, நின்றவர் அடியற்ற மரமாய்ச் சாய்கிறார், தலை உடைகிறது. அந்த விழுகையைத் தடுக்க அது பயன்படும். மூச்சு நிற்பதை அது தடுக்காது. மார்ட்டெமஸின் 16 மரணங்களில் 14 இரவில் நேர்ந்தவை, கண்காணிக்கும் கண்கள் குறைவாக இருந்த நேரத்தில். பெரிய வலிப்பு ஓய்ந்த முதல் சில நிமிடங்களில் பக்கத்தில் ஒருவர் இருந்து, குப்புறக் கிடப்பவரைத் திருப்பி, மூச்சு ஓடுகிறதா என்று பார்ப்பதே இப்பதிவுகள் கேட்கும் முதல் வேலை.