கச்சாப் படத்தின் சாவி யாரிடம்?

பிலிம் காமிரா வழங்கிய நாளில் ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் ஓர் இருட்டறை இருக்கும். சிவப்பு விளக்கின் மங்கலான ஒளியில், தட்டிலுள்ள கரைசலில் வெள்ளைத் தாள் மிதக்கும். அதில் மெல்ல மெல்ல ஒரு முகம் தோன்றும். ஒருமுறை அதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஒரே நெகட்டிவிலிருந்து ஒருவர் போட்ட பிரிண்ட் மங்கலாகவும், மற்றொருவர் போட்டது பளிச்சென்றும் இருப்பதுண்டு. பிரிண்ட் பிடிக்கவில்லையா? நெகட்டிவை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு ஸ்டூடியோவுக்குப் போகலாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே அதில் இருப்பது யார் என்று தெரிந்துவிடும்.

டிஜிட்டல் காமிராவுக்கும் நெகட்டிவ் உண்டு. அதை ‘ரா’ கோப்பு, அதாவது கச்சாக் கோப்பு, என்பார்கள். அதற்கு இருட்டறை ஒரு மென்பொருள். எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்பவர்கள் எது மலிவு, எது வேகமானது, எது நிறத்தை அழகாகத் தருகிறது என்றே பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இந்த மென்பொருள்களின் வரலாற்றை அறிந்தால் இன்னொரு கேள்வியும் எழும். இந்த நெகட்டிவை அடுத்த தெருவுக்கு எடுத்துச் செல்ல முடியுமா?

சில்லுக்கு நிறம் தெரியாது

பிலிம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது ஓர் ஒளியுணர் சில்லு. அதில் பல லட்சம் நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டமும் தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்று அளக்கும், அவ்வளவுதான். அந்த ஒளி சிவப்பா, நீலமா என்பதை அது அறியாது. 1975 டிசம்பரில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிரா கறுப்பு வெள்ளைப் படத்தையே எடுத்தது. நீளவாட்டில் 100, அகலவாட்டில் 100, ஆகப் பத்தாயிரம் கட்டங்கள். ஒரு படம் ஒலிநாடாவில் பதிவாக 23 விநாடிகள் ஆயின!

நிறத்துக்கு வழி கண்டவர் அதே நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர். அவருடைய முறைக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு கட்டத்தின்மேலும் ஒரு நிற வடிகட்டியை வைத்துவிடுவதுதான் அவர் செய்த தந்திரம். சதுரங்கப் பலகையை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். கறுப்புக் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் பச்சை வடிகட்டி. வெள்ளைக் கட்டங்களுக்கு ஒரு வரிசையில் சிவப்பு, அடுத்த வரிசையில் நீலம். ஆகப் பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். பச்சைக்கு ஏன் இந்தச் சலுகை? பொருள்களின் நுட்பமான விவரங்களை நம் கண் பச்சைப் பகுதியின் ஒளியைக் கொண்டே பெரிதும் உணர்கிறது. பேயர் மனிதக் கண்ணைப் பார்த்துச் சில்லை அமைத்தார்.

இதன் விளைவு என்ன? சிவப்புக் கட்டத்துக்குச் சிவப்பின் அளவு மட்டுமே தெரியும். அந்த இடத்தில் பச்சையும் நீலமும் எவ்வளவு என்பதை அண்டைக் கட்டங்களைப் பார்த்து ஊகிக்க வேண்டும். எனவே நாம் காணும் வண்ணப் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிற அளவுகள் காமிரா அளந்தவை அல்ல. பின்னர் கணக்கிட்டு நிரப்பியவை. வியப்பாக இருக்கிறதல்லவா?

ஊகிக்க எளிய வழி, சுற்றியுள்ள கட்டங்களின் சராசரியை எடுப்பது. வானத்துக்கும் சுவருக்கும் அது போதும். பட்டுப் புடவையின் சரிகைக் கரை வந்தால் தகராறு தொடங்கும். கரையின் இருபுறத்தையும் கலந்து சராசரி எடுப்பதால், அங்கே இல்லாத நிறங்கள் பொட்டுப் பொட்டாக முளைக்கும். ஆகவே விளிம்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று முதலில் கண்டறிந்து, அதன் போக்கிலேயே சராசரி எடுக்கும் முறைகளைக் கணித அறிஞர்கள் வகுத்தார்கள். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு முறையைக் கைக்கொள்கிறது. ஒரே கச்சாக் கோப்பை இரண்டு மென்பொருள்களில் திறந்தால் இரண்டு படங்கள் கிடைப்பது இதனால்தான்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2012-இல் கிடைத்தது. ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் பேயரின் வரிசையை விட்டு, ஆறுக்கு ஆறு கட்டங்களில் நிறங்களைக் கலைத்துப்போட்ட புதிய சில்லைக் கொண்டுவந்தது. அடோபி நிறுவனத்தின் மென்பொருளில் திறந்தபோது மரத்தின் இலைகள் நீர்வண்ண ஓவியம்போல் குழம்பித் தெரிவதாகப் பலர் குறைகூறினர். 2013-இல் வந்த பதிப்பில் கணக்கு திருத்தப்பட்டது; படம் தெளிந்தது. கோப்பு அதேதான், காமிராவும் அதேதான்!

இந்தக் கணக்கையெல்லாம் காமிராவே உள்ளுக்குள் செய்து ‘ஜேபெக்’ படமாகவும் தரும். ஆனால் அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தாம் மிஞ்சும். கச்சாக் கோப்பில் 4,096 அல்லது 16,384 படிகள் இருக்கும். நிழலில் மறைந்த முகத்தை மீட்டெடுக்க அந்தக் கூடுதல் படிகள் உதவுகின்றன.

ஒரு தனி மனிதரின் உழைப்பு

காமிரா நிறுவனங்கள் ஒவ்வொன்றும் கச்சாக் கோப்பைத் தத்தம் போக்கில் எழுதின. எந்த எண் எங்கே இருக்கிறது என்பதை வெளியில் சொல்லவில்லை. கோப்பைத் திறக்க வேண்டுமானால் அந்த நிறுவனத்தின் மென்பொருளையே நாட வேண்டும்.

1997-இல் அமெரிக்க நிரலாளர் டேவ் காஃபின் கேனான் பவர்ஷாட் 600 என்ற காமிராவை வாங்கினார். அதன் கச்சாக் கோப்பைத் தாம் விரும்பிய வழியில் பயன்படுத்த முடியவில்லை. கோப்பிலுள்ள எண்களைத் தாமே ஆராய்ந்து, அவற்றின் அமைப்பைக் கண்டுபிடித்து, படமாக மாற்றும் ஒரு நிரலை எழுதினார். அதன் பெயர் ‘டிசிரா’. எந்தக் காமிராவின் கச்சாப் படத்தையும் எந்தக் கணிப்பொறியிலும் திறக்க வேண்டும் என்பதே அவர் வகுத்துக்கொண்ட குறிக்கோள். புதுக் காமிரா வரவர அதற்கான வரிகளைச் சேர்த்துக்கொண்டே போனார். நிரலின் மூலவரிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தும் வைத்தார். இன்று பலர் பயன்படுத்தும் மென்பொருள்களின் அடியில் அந்த வரிகள் மறைந்து கிடக்கின்றன. கட்டடத்தைப் பார்ப்பவர்கள் கடைகாலைப் பார்ப்பதில்லை.

2003-இல் அடோபி நிறுவனம் ‘காமிரா ரா’ என்ற துணை நிரலை வெளியிட்டது. அதை எழுதியவர் தாமஸ் நோல்; தம்பி ஜானுடன் சேர்ந்து ஃபோட்டோஷாப்பைப் படைத்தவர். பல நிறுவனங்களின் கோப்புகளை ஒரே இடத்தில் திறக்க முடிந்தது. 2004-இல் அதே நிறுவனம் எல்லாக் காமிராக்களுக்கும் பொதுவாக ‘டி.என்.ஜி.’ என்ற வடிவை வகுத்து, விவரங்களை வெளியிட்டது. லைக்கா, பென்டாக்ஸ் போன்றவை அதை ஏற்றன. பெரிய நிறுவனங்களான கேனானும் நிக்கானும் தம் சொந்த வடிவங்களை விடவில்லை.

பூட்டிய எண்

அடுத்த ஆண்டே பூசல் வெடித்தது. கல்யாண மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் வெள்ளை வேட்டி மஞ்சளாகவே இருக்கிறது. நம் மூளை அதைத் திருத்தி ‘வெள்ளை’ என்று சொல்லிவிடுகிறது. காமிராவும் விளக்கொளியின் நிறத்தைக் கணித்து, திருத்த வேண்டிய அளவைக் கோப்பில் குறித்துவைக்கும். இதற்கு வெண்மைச் சமன் என்று பெயர். நிக்கானின் டி2எக்ஸ் காமிரா இந்த எண்ணைச் சங்கேதத்தால் பூட்டி எழுதியது. 2005 ஏப்ரலில் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தவர் தாமஸ் நோல். இத்தகைய பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 1998-இலேயே வந்திருந்தது. எனவே உடைக்க அடோபி தயங்கியது. தகுதியுள்ள மென்பொருளாளர்களுக்கு உரிய நிரல்தொகுதியைத் தருவதாக நிக்கான் விளக்கம் கூறியது. காஃபினோ பூட்டின் கணக்கை விடுவித்துத் தம் நிரலில் சேர்த்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால், அந்த எண் இல்லாவிட்டால் படம் பாழாகிவிடாது. வெண்மையைக் கையால் திருத்திக்கொள்ளலாம். ஆயிரம் படங்களுக்குத் திருத்துவது சலிப்பான வேலை, அவ்வளவே. ஆனால் படம் எடுத்தவருடைய கோப்பில் ஒரு பகுதியைக் காமிரா செய்தவர் பூட்டிவைக்கலாமா என்பது சிறிய கேள்வி அல்ல. அவ்வாண்டிலேயே புகைப்படக்காரர்கள் சிலர் கூடி, கச்சாக் கோப்பின் அமைப்பை வெளியிட வேண்டும் என்று ‘ஓப்பன் ரா’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினர்.

கைவிடப்பட்டவர்கள்

கோப்பு திறந்தால் மட்டும் போதுமா? இங்கே இன்னொரு சிக்கல். இந்த மென்பொருள்கள் கச்சாக் கோப்பைத் தொடுவதில்லை. ‘நிழலைக் கூட்டு, சிவப்பைக் குறை’ என்று நாம் செய்யும் திருத்தங்களைத் தனிக் குறிப்பாக எழுதிவைத்துக்கொள்கின்றன. ஒரு மென்பொருளின் குறிப்பு மற்றொன்றுக்குச் சரிவரப் புரியாது.

டென்மார்க்கின் பிக்ஸ்மான்டெக் நிறுவனம் செய்த ‘ராஷூட்டர்’ பலருக்கும் விருப்பமாக இருந்தது. 2006-இல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது, ராஷூட்டர் நின்றுபோனது. ஆப்பிள் நிறுவனம் 2005-இல் கொண்டுவந்த ‘அபெர்ச்சர்’ தொழில்முறைக் கலைஞர்கள் பலரை ஈர்த்தது. 2014-இல் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2015-இல் விற்பனை முடிந்தது. 2019-இல் வந்த மாக் இயக்கமுறையில் அது ஓடவே இல்லை. பத்தாண்டு காலம் இரவு பகலாகச் செய்த திருத்தங்களை வைத்திருந்தவர்கள், படம் கையில் இருந்தும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

2007-இல் வந்த ‘லைட்ரூம்’ முதலில் ஒருமுறை விலை கொடுத்தால் சொந்தமாகும் பொருளாக இருந்தது. 2015-இல் வந்த ஆறாம் பதிப்புக்குப் பின் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே கிடைத்தன. மறுபுறம், ஹங்கேரியரான காபோர் ஹோர்வாத் எழுதிய ‘ராதெரபி’ 2010-இல் கட்டற்ற மென்பொருளாயிற்று. 2009-இல் தொடங்கிய ‘டார்க்டேபிள்’ பிறந்தது முதலே அப்படி. இவற்றின் மூலவரிகள் எல்லோருக்கும் திறந்தவை. ஒருவர் விட்டுப்போனாலும் வேறொருவர் எடுத்து நடத்த இடமுண்டு. பழகுவதற்கு இவை சற்றுக் கடினமானவை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மென்பொருளைத் தேடுபவர், சரிகைப் புடவையும் தலைமுடியும் உள்ள தம் சொந்தப் படம் ஒன்றை இரண்டு மூன்றில் திறந்து, பெரிதாக்கி, விளிம்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எதைத் தேர்ந்தாலும் கச்சாக் கோப்பை அழிக்காமல் வைத்து, முக்கியமான படங்களைத் திருத்தி முடித்தபின் ‘டிஃப்’ வடிவிலும் ஒரு பிரதி எடுத்துவைப்பது நல்லது. மென்பொருள் மறைந்தாலும் திருத்திய படம் நிற்கும்.

டேவ் காஃபினின் டிசிராவுக்குக் கடைசிப் பதிப்பு 2018-இல் வந்தது. முதன்முதலாக அவர் திறக்க முயன்ற பவர்ஷாட் 600-க்கான வரிகள் அதில் அப்படியே இருக்கின்றன.