குடிசையை மாற்றச் சொன்ன சட்டம், மக்களை மாற்றிய கதை

"இடத்தைக் காலி செய்தால்தான் வளர்ச்சி" என்று அதிகாரிகள் சொல்லும்போது, வேறு வழியே இல்லை என்று நம்மில் பலரும் நம்பிவிடுகிறோம். அது பொய். அதற்கு வெளிநாட்டு உதாரணம் எதுவும் வேண்டாம், சென்னையின் வரலாறே போதும்.

1970-ல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. இராம. அரங்கண்ணல் அதன் முதல் தலைவர். 1971-ல் குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம் வந்தது. பெயரிலேயே மேம்பாடு முதலில் வருகிறது, அகற்றல் பிறகுதான். சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி அரசு ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவிக்கலாம். அப்படி அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் அங்கே குடியிருப்பவர்களை வெளியேற்ற வழக்குப் போட முடியாது என்கிறது 29-ஆம் பிரிவு. 1971-ல் சென்னையில் 1,202 பகுதிகள் இப்படி அறிவிக்கப்பட்டன.

தொடக்க ஆண்டுகளில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. செலவு அதிகம், பயன்பெற்ற குடும்பங்கள் குறைவு. 1977-ல் உலக வங்கிக் கடனுடன் வந்த சென்னை நகர வளர்ச்சித் திட்டம் வேறு வழியில் போனது. குடிசைகளை இடிக்காமல் தெரு, வடிகால், குடிநீர்க் குழாய், கழிப்பறை, விளக்கு ஆகியவற்றைக் கொடுத்தது. மனையைத் தவணையில் அந்தந்தக் குடும்பத்துக்கே விற்றது. நிலம் தங்களுடையது என்ற நம்பிக்கை வந்ததும் மக்கள் தங்கள் கையில் இருந்த காசுக்கேற்பக் கல்வீடு கட்டிக்கொண்டார்கள். குறைகளும் உண்டு. தவணை கட்டியும் பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் யாரும் ஊரைவிட்டுத் துரத்தப்படாமலே தெருக்கள் மாறின.

பிறகு என்ன நடந்தது? 1985-ல் மேலும் 17 பகுதிகளை அறிவித்தார்கள். அதன்பின் அறிவிப்பு ஏறக்குறைய நின்றே போனது. நகரம் வளர்ந்தது, புதிய குடியிருப்புகளும் வந்தன. ஆனால் அரசின் ஏட்டில் அவை வெறும் 'ஆக்கிரமிப்பு'. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மக்களை நகரின் தெற்கு விளிம்புக்கு ஏற்றி அனுப்பினார்கள். வீட்டுவேலை, தூய்மைப்பணி, சுமைப்பணி எல்லாம் நகரத்துக்குள் இருக்க, வீடு மட்டும் 20 கிலோமீட்டருக்கு அப்பால் போனது. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரம் ஆபத்து என்று சொல்லிக் கொண்டுபோய்விட்ட இடமோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியது. மழைக்கு அங்கேயும் வெள்ளம்தான். அதே சாலையில் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை.

அனுப்பப்பட்டவர்களில் பெரும் பங்கினர் தலித்துகள். கிராமம் நம்மை ஊருக்கு வெளியே சேரியில் வைத்தது. நகரம் அதையே அடுக்குமாடியாகக் கட்டிக் கொடுத்திருக்கிறது.

2021-ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர் மாறினால் மட்டும் போதாது தோழர்களே. உங்கள் பகுதிக்கு நோட்டீஸ் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பகுதி 3-ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்டதா? இல்லையென்றால் ஏன்? இதே இடத்தில் மேம்படுத்தத் திட்டம் போட்டுப் பார்த்தீர்களா? 1971 சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதைத் தூசு தட்டி எடுக்க வேண்டியது நாம்தான்.