விரலுக்கு ஒரு பதில்: விசைப்பலகையின் கதை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் தட்டச்சுப் பயிலகத்திற்குச் சென்று வந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. சிறிய கூடம் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பொறிகள் ஒரே நேரத்தில் இயங்கும்; தெருமுனை வரை சத்தம் கேட்கும். முதல் வாரம் முழுவதும் சுண்டு விரல் வலிக்கும். மெல்லத் தொட்டால் தாளில் எழுத்து மங்கலாக விழும். ஓங்கித் தட்டினால் தாளே துளைபட்டுவிடும். விரல் செய்த வேலை சரியா தவறா என்று பொறி உடனுக்குடன் பதில் சொல்லிவிடும்.

இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்து தட்டும்போது அந்தப் பதில் கிடைக்கிறதா? பெரும்பாலான விசைப்பலகைகளில் கிடைப்பதில்லை. ரப்பரை அமுக்கிய உணர்வே மிஞ்சுகிறது. இதைப் பொறுக்காத ஆர்வலர்கள் சிலர், உலகின் பல பகுதிகளிலும் தம் விசைப்பலகைகளைத் தாமே கழற்றித் திருத்துகிறார்கள். புதிதாகக் கட்டியும் கொள்கிறார்கள். இது ஒரு பொழுதுபோக்குதான். ஆயினும் இதன் பின்னே ஒன்றரை நூற்றாண்டு வரலாறும், நம் பாடநூலில் உள்ள இயற்பியலும் அடங்கியுள்ளன.

தொடங்குமுன் ஒரு சொல். தமிழில் ‘விசை’ என்பது பலகையில் உள்ள பொத்தானையும் குறிக்கும். நியூட்டன் சொன்ன விசையையும் குறிக்கும். குழப்பம் நேராதிருக்க, பலகையில் உள்ளதைப் பொத்தான் என்றே இக்கட்டுரையில் சொல்வோம்.

விரலே எந்திரத்தை இயக்கிய காலம்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1868-ஆம் ஆண்டில் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். ரெமிங்டன் நிறுவனம் 1873-இல் அதை உற்பத்தி செய்யத் தொடங்கியது. இன்றும் நம் ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் காணும் எழுத்து வரிசை அந்தப் பொறியிலிருந்து வந்ததே.

அப்பொறியில் எழுத்தைத் தாளில் பதித்த ஆற்றல் முழுவதும் விரலிலிருந்தே வந்தது. பொத்தானை அழுத்தினால் நெம்புகோல்கள் வழியாக ஓர் உலோகக் கரம் எழுந்து தாளை அறையும். விரல் உணர்ந்த அதிர்வும் காது கேட்ட ஓசையும் அந்த வேலையின் பகுதிகளே. அவற்றை யாரும் தனியே வடிவமைக்க வேண்டியிருக்கவில்லை.

மின்சாரம் வந்ததும் நிலைமை மாறியது. 1961-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட செலெக்ட்ரிக் என்ற பொறியில், உலோகக் கரங்களுக்குப் பதிலாக எழுத்துகள் பொறித்த ஒரு பந்து சுழன்று தாளைத் தொட்டது. அதை மின்னோடி இயக்கியது. விரல் கட்டளை மட்டும் இட்டால் போதும். அடுத்து வந்த கணிப்பொறி முனையங்களில் அசையும் எழுத்தே இல்லை. பொத்தான் ஒரு மின்சுற்றைத் திறந்து மூடும் வெறும் இணைப்பானாகிவிட்டது.

உழைப்பு குறைந்தது, நல்லதுதான். ஆனால் உழைப்போடு சேர்ந்து பதிலும் போய்விட்டது. பொத்தான் போதிய அளவு இறங்கிவிட்டதா, எழுத்து பதிவாகிவிட்டதா என்று விரல் எப்படி அறியும்? முன்பு தானாகக் கிடைத்ததை இப்போது பொறியியலார் திட்டமிட்டு உண்டாக்க வேண்டியதாயிற்று.

வளைந்து கொடுக்கும் சுருள்வில்

ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். நீளமான பிளாஸ்டிக் அடிக்கோலை மேசைமீது செங்குத்தாக நிறுத்தி, மேலிருந்து உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். ஓரளவு வரை அது நேராகவே நிற்கும். மேலும் சிறிது அழுத்தினால் சட்டென்று ஒரு பக்கமாக வில்போல் வளைந்துவிடும். இப்படி வளைவதற்குத் தேவையான விசையைக் கணிக்கும் வழியை 1744-இல் சுவிட்சர்லாந்துக் கணித மேதை லியோனார்டு ஆய்லர் கண்டார். கட்டடத் தூண்களையும் பாலங்களையும் வடிவமைப்போர்க்கு இது ஓர் எச்சரிக்கை. தூண் இப்படி வளைந்தால் கட்டடம் விழுந்துவிடும்.

தூணில் அஞ்ச வேண்டிய இதே நிகழ்ச்சியை, ஐ.பி.எம். நிறுவனத்தின் ரிச்சர்டு ஹாரிஸ் என்ற பொறியியலார் பொத்தானுக்குத் துணையாக்கிக்கொண்டார். இதற்கான காப்புரிமை 1978-இல் வழங்கப்பட்டது. பொத்தானின் அடியில் ஒரு மெல்லிய சுருள்வில். அதன் கீழ்முனை, சாய்ந்தாடும் ஒரு சிறு தகட்டின்மீது நிற்கிறது. அழுத்த அழுத்தச் சுருள்வில் சுருங்கும், எதிர்விசை கூடும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் அது ஆய்லர் சொன்னபடி பக்கவாட்டில் வளையும். அக்கணமே எதிர்விசை சட்டெனக் குறையும். அடித்தகடு சாய்ந்து மின்குறிப்பை உண்டாக்கும். ‘டக்’ என்ற ஓசையும் எழும். விரல் உணர்வதும், காது கேட்பதும், கணிப்பொறி அறிவதும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நிகழ்கின்றன. விரலுக்கு மீண்டும் பதில் கிடைத்தது!

1981-இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியின் ‘மாடல் எஃப்’ என்னும் பலகையில் இந்த அமைப்பே இருந்தது. அதில் சாயும் தகடு, மின்தேக்குதிறனை மாற்றிக் குறிப்பை அனுப்பியது. 1985-இல் தோன்றிய ‘மாடல் எம்’ பலகையில் அதே சுருள்வில், மின்தடம் அச்சிட்ட மென்தாள்களை அழுத்தியது. அதன் 101 பொத்தான் அமைப்பு பின்னர் உலகெங்கும் பரவியது.

மலிவு கேட்ட விலை

அந்தக் காலத்தில் கணிப்பொறி விலைமிகுந்த பொருள். 1981-இல் ஐ.பி.எம். கணிப்பொறியின் மிக எளிய வடிவமே 1,565 டாலர். அத்தகைய பொருளுடன் நல்ல பலகை ஒன்றைத் தருவது பெரிய செலவாகத் தோன்றவில்லை. 1990-களில் கணிப்பொறியின் விலை இறங்க இறங்க, நிறுவனங்கள் எங்கே சில்லறை மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தன. நூறு சுருள்வில்களுக்குப் பதிலாக, குமிழ்கள் வார்த்த ஒரே ரப்பர் விரிப்பு போதும் என்றாயிற்று.

இந்த மாற்றத்தை வெறுமனே பழிப்பதும் நியாயமன்று. விலை குறைந்ததால்தான் கணிப்பொறி நம் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் இழந்தது என்ன? பல ரப்பர் பலகைகளில் குமிழ் சரிந்தபின், இன்னும் சற்று ஆழம் சென்றால்தான் மின்சுற்று மூடும். ஆகவே விரல் ஒவ்வொரு முறையும் அடிவரை அழுத்தப் பழகிவிடுகிறது. மற்றொன்றையும் இழந்தோம். பழுதான பலகையைத் திறந்து பார்க்கும் வழக்கம் மறைந்தது. ஒரு பொத்தான் கெட்டால் பலகை முழுவதும் குப்பைக்குப் போகத் தொடங்கியது.

கழற்றத் துணிந்தவர்கள்

ஆனால் சிலர் பழைய பலகைகளைக் கைவிடவில்லை. மாடல் எம் பலகையில் உட்தகடுகளைச் சேர்த்துப் பிடிப்பவை உருக்கி அழுத்திய சிறு பிளாஸ்டிக் முளைகள். ஆண்டுகள் செல்ல அவை உதிர்ந்துவிடும். ஆர்வலர்கள் அந்த இடங்களில் நுண்ணிய துளையிட்டு, மெல்லிய மரையாணிகளைப் பூட்டினர். இறந்ததாகக் கருதிய பலகை மீண்டும் ஒலித்தது. உடைந்ததைப் பிழைக்க வைக்கும் இத்தகைய வேலைகள் இப்பொழுதுபோக்குக்கு அடிப்படை போட்டன.

மற்றொரு வழி ஜெர்மனியிலிருந்து வந்தது. செர்ரி நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் ‘எம்.எக்ஸ்.’ என்ற இணைப்பானைக் கொண்டுவந்தது. இதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனிக் கூடு, தண்டு, சுருள்வில், உலோகத் தொடுமுனைகள் உண்டு. தண்டு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே சுற்று மூடிவிடும். தண்டின் நிறம் அதன் குணத்தைச் சொல்லும். கறுப்பில் ஹூக் விதிப்படி விசை சீராகக் கூடும். சுற்று மூடும் இடத்தில் சுமார் 60 சென்டிநியூட்டன், அதாவது ஏறத்தாழ 61 கிராம் எடைக்குச் சமம். பழுப்பில் தண்டின்மேல் ஒரு சிறு மேடு இருந்து விரலுக்குக் குறிப்புத் தரும். நீலத்தில் ஒரு தனித்துண்டு நழுவி ‘கிளிக்’ என்று ஒலிக்கும். காப்புரிமைக் காலம் முடிந்தபின் சீன நிறுவனங்கள் பலவும் இதே அளவில் இணைப்பான்களைச் செய்தன. விலை இறங்கியது, வகைகள் பெருகின.

2000-களில் தென்கொரிய ஆர்வலர்கள், கூட்டாகப் பணம் திரட்டி, தமக்கென அலுமினிய உறைகளை வெட்டுவித்துப் பலகைகளைக் கட்டினர். பின்னர் இவ்வழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. ஆர்வலர் செய்யும் வேலைகளில் ஒவ்வொன்றும் ஓர் இயற்பியல் பாடம். ஒவ்வோர் இணைப்பானையும் திறந்து, உராயும் இடங்களில் நுண்தூரிகையால் மசகு தடவுகிறார், கரகரப்பு மறைகிறது. பித்தளை, அலுமினியம், பாலிகார்பனேட் என்று அடித்தகட்டின் பொருளை மாற்றுகிறார். அதிர்வு மாறி ஓசையும் மாறுகிறது. உறைக்குள் நுரைத்தாள் வைக்கிறார், எதிரொலி அடங்குகிறது.

மின்சுற்றும் சுவையானதே. 104 பொத்தான்களுக்கு 104 கம்பிகள் இழுப்பதில்லை. அவற்றை 8 வரிசை, 13 நிரல் என அடுக்கினால் 21 கம்பிகள் போதும். சிறு சில்லு ஒன்று ஒவ்வொரு வரிசையாக மின்னழுத்தம் தந்து, எந்த நிரலில் அது வெளிப்படுகிறது என்று நொடிக்குப் பல நூறு முறை சோதிக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால், மின்னோட்டம் சுற்றுவழியில் பாய்ந்து, தொடாத நான்காவது பொத்தானும் அழுத்தப்பட்டதாகத் தோன்றும்! ஒவ்வொரு பொத்தானுடனும் ஒரு டயோடைப் பற்றவைத்தால் இந்தப் பேய்ப் பொத்தான் ஓடிவிடும். மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுவதுதானே டயோடின் வேலை?

அச்சில்லுக்கான நிரலை எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்தலாம், கியூ.எம்.கே. என்பது அவற்றுள் பெயர் பெற்றது. எந்தப் பொத்தான் எந்த எழுத்தைத் தரவேண்டும் என்பதைப் பயன்படுத்துபவரே முடிவு செய்யலாம். தமிழுக்கும் இதில் பயன் உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை அடுத்து ஏற்கப்பட்ட தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்துள்ளன. அடிக்கடி தேவைப்படும் புள்ளி, இடது சுட்டுவிரலின் கீழ் உள்ளது. அதைக் கட்டைவிரலுக்குக் கொண்டுவர விரும்புபவர், தாமே கட்டிய பலகையில் அப்படியே செய்துகொள்ளலாம்.

பழைய விளைவு, புதிய பொத்தான்

இவ்வரலாற்றில் ஒரு வட்டமும் உண்டு. 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர், மின்னோட்டம் பாயும் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால் குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். 1960-களின் இறுதியில் ஹனிவெல் நிறுவனம் இவ்விளைவைக் கொண்டு, உலோகத் தொடுமுனைகளே இல்லாத பொத்தான்களைச் செய்தது. தேய்மானம் மிகக் குறைவு, விலையோ அதிகம். காலப்போக்கில் அவை மறைந்தன. இப்போது, 2020-களில், காந்தம் பதித்த பொத்தான்கள் விளையாட்டு ஆர்வலர்களின் பலகைகளில் திரும்பி வந்துவிட்டன. எந்த ஆழத்தில் எழுத்து பதிவாக வேண்டும் என்பதைக்கூட அவற்றில் மாற்றி அமைக்கலாம்.

எல்லாம் நன்மையே என்று சொல்லிவிட முடியாது. பொத்தானை மாற்றினால் கைவலி தீரும் என்று நம்பிவிடலாகாது. அமரும் முறையும் ஓய்வும் அதைவிட முக்கியம். ஒரு பலகை போதும் என்னும் இடத்தில் பத்து வாங்கிக் குவிப்பவர்களும் உண்டு. குப்பையைக் குறைக்கத் தோன்றிய கலை குப்பையைப் பெருக்கினால் அதில் பொருளில்லை.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரிக் கிடங்கில் எடைக்குப் போட ஒதுக்கியிருந்த பொருள்களிடையே, தூக்கினால் கை கனக்கும் ஒரு பழைய பலகை கிடைத்தது. இரண்டாமாண்டு மாணவர்களுடன் அதைத் திறந்தோம். முளைகளில் பாதி உதிர்ந்து கிடந்தன. ஒரு சுருள்வில் இடம் விலகியிருந்தது. துளையிட்டு மரையாணி பூட்ட இரண்டு பிற்பகல்கள் ஆயின. மூன்றாம் நாள் முதல் பொத்தான் ‘டக்’ என்றபோது, ஆய்லரின் சூத்திரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த மாணவி ஒருத்தி, “ஐயா, இதுதானா அது?” என்று கேட்டாள். கரும்பலகையில் நான் பலமுறை எழுதிய சூத்திரம் அன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழுதான பலகை ஒன்று இருக்கக்கூடும். அதைப் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுக்குமுன், கணிப்பொறியிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு திருப்புளியை எடுத்துத் திறந்து பாருங்கள். ரப்பர் விரிப்பே இருந்தாலும் பரவாயில்லை. அதன் அடியில் உள்ள மென்தாளில் வரிசைகளும் நிரல்களும் ஓடுவதைக் காண்பீர்கள். நாள்தோறும் ஆயிரம் முறை தொடும் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது பார்ப்பது நல்லதுதானே?