யானையாக உயர்ந்த சிப்பாய்

பலகையில் நான்கே காய்களை வையுங்கள். வெள்ளை ராஜா பி6, வெள்ளைச் சிப்பாய் சி6, கறுப்பு யானை டி5, மூலையில் ஏ1 கட்டத்தில் கறுப்பு ராஜா. நகர்த்த வேண்டியது வெள்ளை.

1895-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வார இதழில் செஸ் பத்தி எழுதிவந்த பார்பியே, இதில் கறுப்பு தப்பித்து டிரா செய்துவிடும் என்று எழுதினார். அவர் கணக்கு அழகானது. சிப்பாய் சி7-க்கு ஏறுகிறது. யானை டி6-இல் நின்று செக் வைக்கிறது. ராஜா பி5, பி4, பி3 என்று படிப்படியாக இறங்க, யானையும் டி5, டி4, டி3 என்று விடாமல் துரத்துகிறது. முதல் செக்குக்கே ராஜா சி5-க்கு ஒதுங்கினால், யானை டி1-க்குப் பாய்ந்து, சிப்பாய் ராணியானதும் சி1-இல் செக் வைத்து அந்த ராணியை அடித்துவிடும். அதனால் ராஜா சி2 வரை வந்தாக வேண்டும். அப்போது யானை டி4-க்குப் போகிறது.

வெள்ளை ராணி எடுக்கிறது. யானை சி4-க்கு வந்து செக் வைத்துத் தன்னையே பலி கொடுக்கிறது. வெட்டாவிட்டால் ராணி போய்விடும். வெட்டினாலோ கறுப்பு ராஜாவுக்கு நகர ஒரு கட்டமும் இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட்!

கிளாஸ்கோவில் இருந்த ஸ்பானியப் பாதிரியார் பெர்னாண்டோ சாவேத்ரா இதை ஏற்கவில்லை. சி8-இல் ராணி எதற்கு, யானையை எடுங்கள் என்றார். யானை சாய்வாக ஏ2-வைத் தாக்காது; எனவே ஸ்டேல்மேட் இல்லை. அடுத்து ஏ8-இல் மேட் காத்திருக்கிறது. அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4-க்கு ஓடுகிறது. வெள்ளை ராஜா பி3. யானையும் வெட்டு, சி1-இல் மேட்டும் மிரட்டல். இரண்டையும் சமாளிக்க வழியில்லை. செஸ் வரலாற்றில் சாவேத்ராவின் பெயர் இந்த ஒரு நகர்வுக்காகவே நிற்கிறது. எனக்கு அது போதுமான புகழாகவே படுகிறது.

இதே நிலையை நம் நாட்டுச் சதுரங்கத்தில் ஆடினால் என்ன ஆகும்? இந்தியாவின் பல வட்டாரங்களில் சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால், அது எந்தப் பத்தியில் ஏறியதோ அந்தப் பத்திக்குரிய காயாகத்தான் மாறும். சி பத்தி பிஷப்புக்கு உரியது. ஒற்றை பிஷப்பை வைத்துக்கொண்டு யானையை வெல்ல முடியாது. பார்பியே சொன்னதைவிட எளிதாகக் கறுப்பு தப்பித்திருக்கும்! ஏ, எச் பத்திகளில் ஏறும் சிப்பாய்க்குத்தான் யானை. கடைசிக் கட்ட ஆட்டத்தின் கணக்கே அங்கு வேறு.

இந்த இரு முறைகளுக்கும் நடுவே பாலம் போட முயன்ற முன்னோடி திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி. ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்பத் தகவமைத்த செஸ் புதிர்களை, சமஸ்கிருத மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து 1814-இல் பம்பாயில் அச்சிட்டார். சாவேத்ராவுக்கு 81 ஆண்டு முந்தைய முயற்சி அது.

திருவனந்தபுரத்தில் பிறந்து 2015-இல் கிராண்ட்மாஸ்டரான எஸ்.எல். நாராயணனின் தலைமுறைக்குச் சர்வதேச விதி சிறுவயதிலேயே கைவந்தது. பஞ்சாபின் சுல்தான் கானுக்கு அந்த வசதி இல்லை. நாட்டு விதிகளில் வளர்ந்த அவர் 1929-இல் லண்டன் போன வருடமே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். ஹேஸ்டிங்ஸில் அவர் காப்பாபிளாங்காவைச் சாய்த்த ஆட்டத்தை அடுத்த வாரம் பார்க்கலாம்.