பேராதனையிலிருந்து சிட்னி வரை: பேராசிரியர் யஸ்மின் குணரத்னவின் ஆங்கிலப் பணி

ஆங்கில இலக்கியம் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பொருள் என்றே எம்மில் பலர் எண்ணினோம். ஷேக்ஸ்பியரையும் ஜேன் ஒஸ்ரினையும் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். இந்த மண்ணிலும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இருந்தார்கள், அந்த எழுத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்று எமது வகுப்பறையில் கேள்விப்பட்டதில்லை. அந்த வரலாற்றைத் தேடி எழுதியவர் பேராசிரியர் யஸ்மின் குணரத்ன. அவர் எமது கல்லூரியில் படித்தவரல்லர். ஆயினும் பெண்கல்வியின் நூறாண்டைப் பேசும் மலரில் அவருக்கு இடமுண்டு என்று கருதுகிறோம்.

1935இல் பண்டாரநாயக்க குடும்பத்தில் பிறந்த இவர், கொழும்பு பிஷப்ஸ் கல்லூரியில் கற்று, 1959இல் இலங்கைப் பல்கலைக்கழகப் பட்டதாரியானார். 1962இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, பேராதனையில் விரிவுரையாளராகப் பணிபுரிந்தார். 1968இல் வெளிவந்த அவரது நூல், 1815 முதல் 1878 வரை இலங்கையில் எழுந்த ஆங்கில எழுத்தை ஆராய்கிறது. 1815 கண்டி இராச்சியம் வீழ்ந்த ஆண்டு என்பதை எமது சரித்திர ஆசிரியைகள் மறக்க விட்டதில்லை. அதே ஆண்டை ஓர் இலக்கியத்தின் தொடக்கமாகவும் காணலாம் என்பதுதான் எமக்குப் புதிது.

அடுத்து 1970இல் ஒஸ்ரின் பற்றியும், 1976இல் கவிஞர் போப் பற்றியும் அவர் எழுதியவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. கொழும்பில் படித்த பெண்ணொருத்தி ஒஸ்ரினை ஆங்கிலேய மாணவருக்கே விளக்கினார்! அதே 1970இல் எமது நாட்டு எழுத்தாளர்களுக்கென ‘நியூ சிலோன் ரைட்டிங்’ என்ற சஞ்சிகையையும் தொடங்கினார்.

1972இல் குடும்பத்துடன் அவுஸ்திரேலியா சென்று, சிட்னி மக்குவாரி பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். 1981இல் அப்பல்கலைக்கழகம் வழங்கிய முதலாவது இலக்கிய முதுகலாநிதிப் பட்டம் இவருக்கே கிடைத்தது. குடியேற்ற ஆட்சிக்குப் பிந்திய இலக்கியங்களுக்கான ஆய்வு நிலையத்தின் முதற் பணிப்பாளராகவும் இருந்தார். 1990இல் அவுஸ்திரேலிய அரச விருது பெற்றார்.

இத்தனைக்கும் பிறகு, ஐம்பது வயதைத் தாண்டி, நாவல் எழுத வந்தார். 1991இல் வெளியான ‘ஏ சேஞ்ச் ஒவ் ஸ்கைஸ்’ புலம்பெயர்ந்த எம்மவர் எவரும் சிரித்துக்கொண்டே படிக்கக்கூடியது. சில பக்கங்களில் சிரிப்பு நின்றுவிடும். அதில் சிங்களப் பேராசிரியர் பாரத்தும் அவரது தமிழ் மனைவி நவரஞ்சினியும் சிட்னியில் பரியும் ஜீனுமாகிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் வேலைத்தலத்தில் பெயரைச் சுருக்கிக்கொண்ட தோழியர் எத்தனை பேர்! அயலவர் வாய்க்கு வசதியாகப் பெயரை வெட்டும்போது எது போகிறது என்ற கேள்வியை இந்நாவல் விளையாட்டாகவே கேட்கிறது. ஆய்வு நூல்களைவிட இதுவே எமக்கு நெருக்கமானது.

கொழும்பு மேட்டுக்குடியின் யன்னல் வழியே பார்த்த இலங்கை இது என்ற குறையைச் சிலர் சொல்வர். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் அந்த யன்னலுக்கு உள்ளேயிருந்தவர்களையும் அவர் கேலி செய்யாமல் விடவில்லை. 1986இல் தமது குடும்பத்தைப் பற்றி எழுதிய நூலே சாட்சி. சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்தில் வளரும் இரு இளம்பெண்களின் கதையான ‘த ஸ்வீற் அன்ட் சிம்பிள் கைன்ட்’ 2006இல் வெளிவந்தது. மொழி, மத வேற்றுமைகள் அவர்களது வீட்டுக்குள்ளும் நுழைகின்றன.

2024 பெப்ரவரியில் அவர் காலமானார். அவரது நூல்களின் பிரதி வைத்திருக்கும் பழைய மாணவிகள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒன்றைக் கல்லூரி நூலகத்துக்கு எடுத்து வாருங்கள்.