வாரண்டி என்ற ஒரு சொல்லின் வரலாறு

பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் நான் ஒரு காரைப் பற்றிப் படித்துக் கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் வில்லாபுரத்தில் இருக்கும் என் மாமா.

மாமா சொந்தக் கார் வைத்து, தானே வாடகைக்கு ஓட்டுகிறார். வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. போன மாதம் அருப்புக்கோட்டை ரோட்டில் இன்ஜின் சூடாகி நின்றுவிட்டது. சைலன்சரில் வெள்ளைப் புகை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் பார்த்தவுடனே, "ஹெட் கேஸ்கட் போயிருச்சுண்ணே, கூலண்ட் உள்ளே இறங்கியிருக்கு" என்றார். "இன்ஜினைப் பிரிக்காதீங்க, அப்படியே கம்பெனிக்குக் கொண்டு போங்க" என்றும் சொன்னார். சர்வீஸ் சென்டரிலோ, "கூலண்ட் இல்லாமல் ஓட்டியது உங்கள் தவறு, வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள்.

கேஸ்கட் பழுதானதால் கூலண்ட் குறைந்ததா? கூலண்ட் குறைந்ததால் கேஸ்கட் போனதா? இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான். ஆனால் முதலாவது என்றால் கம்பெனி செலவு, இரண்டாவது என்றால் மாமா செலவு! இந்தச் சண்டை எப்போது தொடங்கியது என்று தேடியபோது கிடைத்தவையே இக்கட்டுரை.

மதுரைக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழையது. 1911-ல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனம்தான் டி.வி.எஸ். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் கலனைச் செய்து தந்தார்கள். அக்காலத்தில் இன்ஜின் கோளாறு என்றால் மெக்கானிக்கின் காதும் கையும்தான் தீர்ப்பு.

சட்டமோ வாங்குபவன் பக்கம் இல்லை. "வாங்குபவனே, பார்த்து வாங்கிக் கொள்" என்பதே பழைய விதி. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அதற்குச் சில விலக்குகள் தந்தது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டையும் வைத்தது. 'நிபந்தனை' மீறப்பட்டால் பொருளையே திருப்பித் தரலாம். 'வாரண்டி' மீறப்பட்டால் நஷ்ட ஈடு மட்டுமே கேட்கலாம். நாம் பெரிய பாதுகாப்பு என்று நினைக்கும் சொல், சட்டத்தில் சிறிய சொல்தான்!

அமெரிக்காவில் 1916-ல் ப்யூக் கார் ஒன்றின் மரச் சக்கரம் உடைந்த வழக்கில், "டீலரிடம்தானே வாங்கினாய்" என்ற வாதத்தை நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. தயாரித்தவரும் பொறுப்பு என்றது. 1960-ல் நியூஜெர்சியில் இன்னொரு வழக்கு. வாங்கிய பத்தே நாளில் ஸ்டியரிங் பழுதாகி ஒரு பெண் காயமடைந்தார். "90 நாள் அல்லது 4,000 மைல், அதுவும் உதிரிபாகம் மட்டும்" என்று பொடி எழுத்தில் இருந்த வாரண்டிக்குப் பின்னால் கம்பெனி ஒளிந்து கொள்ள முடியாது என்று தீர்ப்பானது.

நம் நாட்டில் அப்போது காருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். வண்டி கிடைத்ததே பெரிது என்றிருந்தவர் எங்கே புகார் சொல்வார்? 1983 டிசம்பரில் மாருதி வந்தது. மூன்று வருடம் கழித்து, 1986 டிசம்பர் 24-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம் என்ற நிலை வந்தது. 'வணிக நோக்கத்துக்கு' வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று முதலில் இருந்தது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவர் நுகர்வோரே என்ற விளக்கத்தை 1993-ல் சேர்த்தார்கள். என் மாமாவுக்கு இந்த ஒரு வரிதான் உயிர்!

பிறகு உச்ச நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகள். 2004-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில், குறையுள்ள காரைப் புதுக் காராக விற்றுவிட்டு, குறையை ஒப்புக்கொள்ளாமல் வழக்காடியதை நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில், வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் இருக்கிறது, அதைக் காட்டிப் புதுக் காரே கேட்க முடியாது என்றது. ஆக, கேட்பதை அளவாகக் கேட்க வேண்டும் என்பதே பாடம்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச் சந்தைக்குத் தராததும், வெளி மெக்கானிக் தொட்டால் வாரண்டி போய்விடும் என்று கட்டுப்படுத்துவதும் அதில் கேள்விக்குள்ளாயின. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை.

இப்போது இருப்பது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம். குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். சோதித்தால்தான் குறை தெரியும் என்றால், ஆணையமே ஆய்வுக்கு அனுப்பலாம். மெக்கானிக் அண்ணன் பிரிக்காதே என்று சொன்னதன் அருமை இங்கேதான் புரிந்தது. பிரித்துவிட்டால் சாட்சியும் போய்விடும் அல்லவா?

இதையெல்லாம் படித்தபின் மாமாவின் பழைய ஜாப் கார்டுகளைப் புரட்டினேன். இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒன்றில், "கூலண்ட் அடிக்கடி குறைகிறது" என்று மாமா சொன்ன புகார் அவர்கள் கையெழுத்திலேயே இருந்தது! எங்கே போகிறது என்று பார்க்காமல், ஊற்றி நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தத் தாளின் நகலோடு, மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம். வாயால் "கிடையாது" என்றவர்கள், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் மதுரை மாவட்ட ஆணையத்துக்குப் போவதாக முடிவு. கார் இப்போது வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. மாமா தினமும் துடைக்கிறார், கடன் தவணையும் கட்டுகிறார்.

நண்பர்களே, நூறு வருடச் சட்ட வரலாறு கடைசியில் ஒரு கசங்கிய ஜாப் கார்டில் வந்து நிற்கிறது. உங்கள் வீட்டு வண்டியின் தாள்களைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.