வலைக் கொட்டகை

வலைக் கொட்டகை என்பது வடசென்னையின் மீனவக் குப்பங்களில் கடற்கரை மணலில் மரக்கால் நட்டு, ஓலை வேய்ந்து எழுப்பப்படும் சுவரில்லாத நிழற்கூடம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூரின் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என நீளும் கரையில் வலை பழுது பார்ப்பதும் வெயிலுக்கு ஒதுங்குவதும் ஊர்ப் பேச்சும் இதன் கீழேதான் நடக்கும்.

கால்களுக்குப் பனை மரமோ சவுக்குக் கழியோ பயன்படும். சவுக்கு இந்த மண்ணின் மரமல்ல. சென்னையின் விறகுத் தேவைக்காகவும் ரயில் எஞ்சின்களுக்காகவும் 19ஆம் நூற்றாண்டில் கடலோரமெங்கும் நடப்பட்டு, பிறகு ஏழை வீட்டு மரமாகிவிட்டது. கால்களை மணலில் ஆழப் புதைத்து, மேலே விட்டமும் கைமரங்களும் வைத்து, குறுக்கே வரிச்சு கட்டி, தென்னங்கீற்று வேய்வார்கள். கிழிந்த வலையைக் கூரைமேல் போர்த்தி இழுத்துக் கட்டினால் வாடைக் காற்றில் கீற்று பறக்காது. இணைப்புகளில் ஆணி அரிது. உப்புக் காற்றில் இரும்பு நிலைப்பதில்லை. கட்டுமரத்தின் மரங்களைப் பிணைத்த கயிற்று வித்தைதான் இங்கும் வேலை செய்கிறது. அலை முன்னேறினால் முடிச்சை அவிழ்த்து, கழிகளைத் தோளில் சுமந்துபோய்ப் பின்னே நட்டுக்கொள்ளலாம். இந்தக் கட்டுமானத்தின் முழு அறிவும் அந்த முடிச்சில் இருக்கிறது.

ஆனால் பின்னே நகர மணல் வேண்டும். 1870களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அவை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டது. நகரம் கொண்டாடும் மணற்பரப்பும் குப்பங்கள் இழந்த மணற்பரப்பும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளில் கால் நட முடியாது. பின்னர் அமைந்த, கடலுக்குள் நீளும் பாறைத் தடுப்புகளான தூண்டில் வளைவுகளுக்கு இடையே மணல் சேர்ந்த இடங்களில் சில கொட்டகைகள் திரும்பின.

பருத்தி வலை இருந்த காலத்தில் கடலிலிருந்து வந்ததும் அதை உலர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் மட்கிவிடும். மரப்பட்டைச் சாயமும் ஏற்றுவார்கள். நைலான் வலை வந்ததும் அந்த வேலை ஒழிந்தது. எனினும் நைலான் இழை தொடர்ந்து வெயில் பட்டால் வலுவிழக்கும் என்பதால் நிழலின் தேவை போகவில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்தன. கீற்றின் இடத்துக்குத் தார்ப்பாயும் தகரமும் வந்தன. அரசு பல குப்பங்களில் கான்கிரீட்டில் வலை பின்னும் கூடங்களைக் கட்டித் தந்துள்ளது. மழைக்கு அவை உறுதியானவை. ஆனால் கரை நகர்ந்தால் உடன் நகர மாட்டா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாள் தடைக்காலத்தில் வலைவேலை குவிகிறது. கூடத்தில் இடம் போதாதபோது, படகோரம் நாலு சவுக்குக் கழி நட்டுத் தார்ப்பாய் கட்டிக்கொள்கிறார்கள்.